போக்கிமோன் பூச்சிக்குப் பெயர் தெரியும், வீட்டு வாசல் பூச்சிக்கு?

போக்கிமோன் விளையாட்டின் முதல் பதிப்பை ஆடியவர்களுக்கு வீரிடியன் காடு மறந்திருக்காது. உயர்ந்த புல்லுக்குள் கால் வைத்த சற்று நேரத்தில் ‘கேட்டர்பீ’ என்ற பச்சைப் புழு எதிர்ப்படும். பூச்சி வலையுடன் நிற்கும் சிறுவர்கள் நம்மை வழிமறித்துப் போட்டிக்கு அழைப்பார்கள். பிடித்த புழு ஏழாம் நிலையில் ‘மெட்டாபாட்’ என்ற கூடாக மாறும். பத்தாம் நிலையில் ‘பட்டர்ஃப்ரீ’யாகச் சிறகு விரிக்கும். பலருக்கு அந்த விளையாட்டில் கடைசிவரை வளர்த்து ஆளாக்கிய முதல் உயிர் இந்தப் பூச்சிதான்.

ஆனால் அதற்குக் கிடைக்கும் மரியாதை மிகக் குறைவு. நெருப்பு, பறவை, பாறை ஆகிய மூன்று வகைகளிடமும் பூச்சி வகை எளிதில் தோற்கும். அதனால் விளையாட்டில் கொஞ்சம் முன்னேறியதும் பட்டர்ஃப்ரீயைக் கணினிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, நெருப்பு கக்கும் டிராகனைத் தேடிப் போய்விடுவோம். முதல் பதிப்பில் இருந்த 151 போக்கிமோன்களில் பூச்சி வகை வெறும் 12 மட்டுமே.

இப்படி நாம் பெட்டிக்குள் போட்டு மறக்கும் பூச்சிகள் இல்லாவிட்டால் போக்கிமோன் என்ற விளையாட்டே பிறந்திருக்காது.

ஒரு ‘பூச்சி டாக்டர்’ செய்த விளையாட்டு

போக்கிமோனை உருவாக்கிய சத்தோஷி தஜிரி 1965ஆம் ஆண்டு பிறந்தவர். தோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தார். அப்போது அங்கே வயல்களும் குளங்களும் மரங்களும் இருந்தன. சிறுவயதில் அவருக்குப் பூச்சி பிடிப்பதே பொழுதுபோக்கு. பள்ளி நண்பர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே ‘பூச்சி டாக்டர்’ என்பதுதான். பெரியவனானதும் பூச்சி ஆய்வாளராக வேண்டும் என்பது அவரது ஆசை.

அவர் வளர வளர நகரமும் வளர்ந்தது. வயல்கள் வீடுகளாயின. குளங்கள் தூர்ந்தன. பூச்சிகள் இருந்த இடத்தில் கட்டடங்கள் எழுந்தன. தஜிரியின் கவனம் மின்னியல் விளையாட்டுகள் பக்கம் திரும்பியது. 1983ஆம் ஆண்டு ‘கேம் ஃபிரீக்’ என்ற பெயரில் விளையாட்டுகளைப் பற்றிய ஒரு சிறு இதழைத் தொடங்கினார். 1989ஆம் ஆண்டு அதே பெயரில் நிறுவனம் பிறந்தது.

அந்தக் காலத்தில் ‘கேம் பாய்’ என்ற கையடக்கக் கருவி வந்திருந்தது. இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து நண்பருடன் சேர்ந்து ஆடலாம். அந்தக் கம்பியைப் பார்த்தபோது, அதன் வழியே பூச்சிகள் ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு ஊர்ந்து போவதுபோல் தஜிரிக்குத் தோன்றியது. போக்கிமோனின் விதை அதுதான். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி ஜப்பானில் முதல் பதிப்பு வெளியானது. தாம் சிறுவயதில் பூச்சி பிடித்தபோது அடைந்த மகிழ்ச்சியை, பூச்சியே பார்க்காமல் வளரும் நகரப் பிள்ளைகளுக்கும் தரவேண்டும் என்பது தஜிரியின் எண்ணம்.

‘முஷி’யும் நம் ‘பூச்சி’யும்

பூச்சி வகையை ஜப்பானிய மொழியில் ‘முஷி’ என்கிறார்கள். ஆறு கால் உயிர்களை மட்டும் குறிக்கும் சொல் அன்று அது. சிலந்தி, பூரான், புழு எல்லாம் முஷிதான். அதனால்தான் ‘ஸ்பினராக்’ என்ற சிலந்தியும் விளையாட்டில் பூச்சி வகைக்குள் வருகிறது.

உயிரியல் பாடத்தில் இப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஆனால் தமிழர்களாகிய நமக்கு இது விநோதமாகத் தெரியாது. நாமும் சிலந்தியை ‘எட்டுக்கால் பூச்சி’ என்றுதானே சொல்கிறோம்! ‘வீட்டுக்குள் பூச்சி வந்துவிட்டது’ என்று யாராவது அலறினால், அது கரப்பானா பூரானா பாம்பா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலத்தின் ‘இன்செக்ட்’டைவிட நம் ‘பூச்சி’ அகலமான சொல். முஷிக்கு நெருங்கிய உறவு அது.

விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் உயிரியல்

பல்கலைக்கழகத்தில் உயிரியல் பாடங்கள் எடுக்கத் தொடங்கிய பிறகுதான், இந்தக் கற்பனைப் பூச்சிகளுக்குப் பின்னால் எவ்வளவு கவனிப்பு இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

கேட்டர்பீயின் நெற்றியில் சிவப்பாக ஒரு கவட்டைக் கொம்பு இருக்கும். எதிரி நெருங்கினால் அதிலிருந்து நாற்றம் வீசும் என்கிறது விளையாட்டின் தகவல் ஏடு. உண்மையிலேயே அப்படி ஒரு புழு உண்டு. எலுமிச்சைச் செடியிலும் கறிவேப்பிலைச் செடியிலும் இலை தின்னும் பச்சைப் புழுவை மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டை ஒன்று சட்டென்று வெளியே நீளும். கூடவே ஒரு நெடி மூக்கைத் துளைக்கும்.

‘பராஸ்’ முதுகில் காளான் முளைத்த பூச்சி. அது ‘பராசெக்ட்’டாக மாறும்போது, பூச்சியின் கண்கள் வெறித்துப் போயிருக்கும். அப்போது அதை இயக்குவது காளான்தான். இதுவும் கற்பனை மட்டுமன்று. தாய்லாந்து உள்ளிட்ட வெப்பமண்டலக் காடுகளில் எறும்பின் உடலுக்குள் புகும் பூஞ்சை ஒன்று இருக்கிறது. அது எறும்பைக் கூட்டத்திலிருந்து பிரித்து, செடியில் ஏறவைத்து, இலையின் அடிப்பகுதியைக் கவ்வவைத்துக் கொல்கிறது. பிறகு எறும்பின் தலையிலிருந்து பூஞ்சை முளைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஷெடின்ஜா’. ‘நின்காடா’ என்ற போக்கிமோன் 20ஆம் நிலையில் ‘நின்ஜாஸ்க்’காக உருமாறும். அந்நேரத்தில் நம் குழுவில் ஓரிடம் காலியாக இருந்தால், அது கழற்றிப்போட்ட வெற்றுத் தோலும் ஷெடின்ஜா என்ற தனிப் போக்கிமோனாக வந்து சேரும். எவ்வளவு வளர்த்தாலும் அதன் உயிர்ப் புள்ளி ஒன்றுதான்! இதன் மூலம் சில்வண்டு. சில்வண்டின் குஞ்சு ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் வேர்ச்சாற்றைக் குடித்து வாழும். வெளியே வந்து மரத்தில் ஏறித் தோலுரித்துப் பறந்துவிடும். முதுகு பிளந்த அந்த வெற்றுத் தோல் மரத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

விளையாட்டு சறுக்கிய இடங்களும் உண்டு. ‘காம்பீ’ என்ற தேனீப் போக்கிமோன்களில் எட்டில் ஒன்றுதான் பெண். அந்தப் பெண் மட்டுமே ராணியாக மாற முடியும். உண்மையான தேன்கூட்டில் நிலைமை தலைகீழ். தேன் சேர்ப்பது, கூடு கட்டுவது, காவல் காப்பது என்று எல்லா வேலையும் பார்க்கும் தேனீக்கள் அத்தனையும் பெண்கள். ஆண் தேனீக்கள் மிகச் சில.

இன்னொன்று, போக்கிமோன் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறுவதை விளையாட்டு ‘எவலூஷன்’ என்கிறது. இதைத் தமிழில் ‘பரிணாமம்’ என்று எழுதினால் தவறான பொருள் வந்துவிடும். பரிணாமம் ஓர் உயிருக்கு நடப்பதன்று. பல தலைமுறைகளில் ஓர் இனத்திற்கு நடப்பது. கேட்டர்பீக்கு நடப்பது உருமாற்றம். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று தொடக்கப்பள்ளி அறிவியலில் நாம் படித்த அதே சொல்தான். இந்த இடத்தில் விளையாட்டைவிடத் தமிழ்ப் பாடநூல் துல்லியமாக இருக்கிறது.

78க்கு 53

2002ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ ஆய்விதழில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரிட்டனின் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 109 பேரிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டிருந்தார்கள். சில படங்களில் அந்நாட்டுச் செடிகளும் விலங்குகளும் பூச்சிகளும் இருந்தன. மற்றவை போக்கிமோன்கள்.

நான்கு வயதுப் பிள்ளைகள் உண்மையான உயிரினங்களில் 32 விழுக்காட்டையும் போக்கிமோன்களில் 7 விழுக்காட்டையும் அடையாளம் கண்டனர். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் கணக்கு மாறிப்போனது. அவர்கள் உண்மையான உயிரினங்களில் 53 விழுக்காட்டையும் போக்கிமோன்களில் 78 விழுக்காட்டையும் சரியாகச் சொன்னார்கள்.

இதைப் படித்ததும் ‘பார்த்தாயா, கேம் ஆடிப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்’ என்று சிலருக்குச் சொல்லத் தோன்றலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. எட்டு வயதில் ஒரு பிள்ளையால் இத்தனை உயிர்களின் பெயரையும் உருவத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ள முடிகிறது. அந்தத் திறமை வீட்டுக்கு வெளியே பயன்படாமல் கிடக்கிறது. வண்டுகளையும் தும்பிகளையும் போக்கிமோனைப்போல் அக்கறையோடு யாரும் அவர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கவில்லை.

தீவு இழந்த வண்ணத்துப்பூச்சிகள்

தஜிரிக்கு மச்சிடாவில் நேர்ந்தது சிங்கப்பூரிலும் நேர்ந்திருக்கிறது. சிங்கப்பூரின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 2020ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. இங்கு இதுவரை பதிவான 413 இனங்களில் 132 இப்போது இல்லை. பதிவேட்டில் இடம்பெறும் முன்பே அழிந்திருக்கக்கூடியவற்றையும் சேர்த்து மதிப்பிட்டால், 160 ஆண்டுகளில் இத்தீவு தன் வண்ணத்துப்பூச்சி இனங்களில் 46 விழுக்காட்டை இழந்திருக்கிறது.

அந்த மதிப்பீட்டின் இரண்டாம் பகுதிதான் என்னை மிகவும் பாதித்தது. பறந்து திரிந்த ஓர் உயிரை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. அது போனதும் ஒருவருக்கும் தெரியவில்லை. போக்கிமோனைப் பெட்டியில் போட்டுவிட்டால் பத்து ஆண்டு கழித்தும் வெளியே எடுக்கலாம். காட்டோடு சேர்ந்து போன வண்ணத்துப்பூச்சியை எங்கிருந்து எடுப்பது?

பாட்டி பார்த்த போக்கிமோன் அட்டைகள்

சென்ற பள்ளி விடுமுறையில், தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் சித்தி மகன் தன் போக்கிமோன் அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்து எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். பாட்டி சோபாவில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் ஜோகூரில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்.

‘ஹெராக்ராஸ்’ அட்டையை அவன் தூக்கிக் காட்டியபோது பாட்டி எட்டிப் பார்த்தார். “இது தென்னை மரத்து வண்டுல்ல? குருத்தைத் துளைச்சு நாசமாக்கும். எங்க அண்ணன் நூல் கட்டிப் பறக்கவிடும்.”

தம்பிக்கு நம்ப முடியவில்லை. “பாட்டி, இது ஜப்பான் போக்கிமோன்!”

“ஜப்பானோ என்னமோ, கொம்பு அதேதான்டா கண்ணு.”

பாட்டி சொன்னதில் பெரிய பிழை இல்லை. ஹெராக்ராஸின் மூலம் ஜப்பானியக் கொம்பு வண்டு. தென்னையையும் செம்பனையையும் தாக்கும் நம் பக்கத்துக் காண்டாமிருக வண்டு அதற்குத் தூரத்துச் சொந்தம்.

பிறகு அவன் ஒவ்வோர் அட்டையாக நீட்ட, பாட்டி பெயர் வைக்கத் தொடங்கினார். வாள் போன்ற கைகளை உடைய ‘சைத்தர்’ கும்பிடு பூச்சி. ‘பீட்ரில்’ குளவி. ‘யான்மா’ தட்டான். ‘வோல்பீட்’ மின்மினி. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த ‘லெடிபா’ பொறிவண்டு. தம்பி அட்டைகளைத் தனியாகப் பிரித்து, பாட்டி சொன்ன பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினான். அன்று மட்டும் பதினான்கு பெயர்கள் சேர்ந்தன.

தமிழ்த் தேர்வுக்காக அவன் பாட்டியிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கொம்பு வண்டுக்காக ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்கும் அன்று ஒரு கவலை பிறந்தது. கும்பிடு பூச்சி என்ற பெயரை என் வயதினர் எத்தனை பேர் பேச்சில் பயன்படுத்துகிறோம்? வண்ணத்துப்பூச்சிகளைப்போல இந்தப் பெயர்களும் குறித்து வைக்க ஆள் இல்லாமல் போய்விடக்கூடியவைதான். பாட்டியின் தலைமுறையிடம் கேட்டு எழுதிவைக்க நமக்கு இருக்கும் காலம் நீண்டதன்று.

கேம் ஆடிய பிள்ளைகள் ஆய்வாளர்களானால்

போக்கிமோனோடு வளர்ந்த தலைமுறை இப்போது ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மூன்று புதிய வண்டு இனங்களுக்கு ஆர்ட்டிகுனோ, ஸாப்டோஸ், மோல்ட்ரெஸ் என்ற மூன்று போக்கிமோன் பறவைகளின் பெயர்கள் சூட்டப்பட்டன.

சிங்கப்பூருக்கும் அப்படியொரு பூச்சி இருக்கிறது. இங்கு கண்டெடுக்கப்பட்ட கரப்பான் இனம் ஒன்றுக்கு 2023ஆம் ஆண்டு ‘நொக்டிகோலா ஃபெரோமோசா’ என்று பெயரிட்டார்கள். பிலிப்பீன்ஸ் ஆய்வாளர் ஒருவரும், லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைச் சேர்ந்த ஒருவரும் அதை விவரித்து எழுதினார்கள். ‘ஃபெரோமோசா’ என்பது ஒடிந்துவிடுவது போன்ற மெல்லிய உடலும் நீண்ட கால்களும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்ட போக்கிமோன். அந்தக் கரப்பானின் உடல்வாகும் அதேபோல் இருந்ததாம். கரப்பானைக் கண்டதும் செருப்பைத் தேடும் நமக்கு, ஒரு கரப்பான் அழகிப் போக்கிமோனின் பெயரைத் தாங்கி நிற்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

‘கோலிசோபாட்’ என்ற போக்கிமோன் கடலடியில் வாழும் பெரிய ஓட்டுயிர் ஒன்றை மாதிரியாகக் கொண்டது. 2018ஆம் ஆண்டு சிங்கப்பூர், இந்தோனீசிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஜாவாவின் தெற்கே ஆழ்கடலில் தேடியபோது, அந்த உயிரின் உறவுக்கார இனம் ஒன்று கிடைத்தது. 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் அதற்கு 2020ஆம் ஆண்டு ‘பத்தினோமஸ் ரக்சாசா’ என்று பெயரிட்டனர். மலாயிலும் இந்தோனீசிய மொழியிலும் ‘ரக்சாசா’ என்றால் மிகப் பெரியது. நம் ‘ராட்சசன்’ வந்த அதே சமஸ்கிருத வேர்தான் அதற்கும்.

மின்மினிக்கும் ஒரு செய்தி உண்டு. நீ சூன் சதுப்புநிலக் காட்டில் கண்டறியப்பட்ட மின்மினி இனம் ஒன்று 2021ஆம் ஆண்டு ‘லூசியோலா சிங்கப்பூரா’ என்ற பெயர் பெற்றது. இவ்வளவு நெருக்கமான நகரத்திலும் பெயரில்லாத ஓர் உயிர் இத்தனை காலம் மினுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

வாசலில் ஒரு கேட்டர்பீ

வீவக வீடுகளின் நடைபாதையில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். இலைகள் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே என்று மருந்து அடிப்பதற்கு முன், இலையின் மேல் பறவை எச்சம்போல் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எச்சம் மாதிரி வேடம் போட்டிருக்கும் சின்னப் புழுவாக அது இருக்கலாம். சில நாள்களில் தோலுரித்துப் பச்சையாகிவிடும். பிறகு கூடு கட்டும். ஏறக்குறைய பத்து நாளில் கறுப்புச் சிறகோடு ஒரு வண்ணத்துப்பூச்சி வெளியே வரும்.

தமிழில் அதற்குக் ‘கறிவேப்பிலை அழகி’ என்று பெயர். அதன் பெண்களில் ஒரு பிரிவு, ‘காமன் ரோஸ்’ என்ற நச்சு வண்ணத்துப்பூச்சியைப்போலவே உருவம் கொண்டு பறவைகளை ஏமாற்றும். அந்தக் காமன் ரோஸைத்தான் 2015ஆம் ஆண்டு சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் மக்கள் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதையெல்லாம் பார்க்க வலை வேண்டாம். இயற்கை வனப்பகுதிகளில் அனுமதியின்றி உயிரினங்களைப் பிடிப்பது குற்றமும்கூட. கைப்பேசியில் படம் எடுத்து ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியில் ஏற்றினால், அது என்ன இனம் என்று சொல்ல உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நாம் எடுக்கும் படம், இந்த இடத்தில் இந்த நாளில் இந்த உயிர் இருந்தது என்பதற்கு ஒரு பதிவாகவும் நிற்கும். தமிழ்ப் பெயருக்கு வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் உங்கள் பள்ளித் தமிழாசிரியரைக் கேளுங்கள்.

என் தம்பியின் தாளில் இப்போது 23 பெயர்கள் இருக்கின்றன. மரத்தில் ஒட்டிக்கிடக்கும் சில்வண்டுத் தோலுக்குத் தனியாக ஒரு பெயர் இருக்கிறதா என்று பாட்டியைக் கேட்டான். அவருக்கு நினைவில்லை. ஜோகூரில் இருக்கும் தன் அக்காவை அழைத்துக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்தால் இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். 24ஆவது வரியை அதற்காகக் காலியாக வைத்திருக்கிறோம்.